தனியாக ஒரு படம்

இது கோயில் பைக்குள்ளே. இது கல்யாணப் பைக்குள்ளே. இதுவும் கல்யாணம்தான், யார் கல்யாணம் என்றுதான் பிடிபடவில்லை, வாழைமரம் கட்டியிருக்கிறது, பந்தியில் என் நாத்தனார் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறாள், அவள் எந்தக் கல்யாணத்தில் வாயை மூடினாள், போகட்டும், கல்யாணப் பைக்குள்ளேயே போகட்டும். திருமலை இதை ஃபோல்டர் என்கிறான். என் கண்ணுக்கு மஞ்சள் பைதான், ஜவுளிக்கடையில் கொடுப்பார்களே அதே மஞ்சள். மவுஸை அமுக்கிப் பிடித்து, படத்தை இழுத்துக்கொண்டு போய், பை மேலே விரலை எடுத்தால் உள்ளே வாங்கிக்கொள்கிறது. நடுவழியில் விரல் நழுவினால் படம் எங்கே விழுந்தது என்று தேடணும். நாலாங்கிளாஸ்காரிக்கு இதெல்லாம் வருமாடா என்று கேட்டேன். "அரிசியில கல்லு பொறுக்குற மாதிரிதாம்மா, நீ பொறுக்காத கல்லா" என்றான் என் மகன். அதுவும் சரிதான், பெண்கள் ஹாஸ்டல் சமையல்கட்டில் நான் பொறுக்கின கல்லைக் கொட்டினால் ஒரு ரோடு போடலாம். பைகளுக்குப் பெயரெல்லாம் அவனே தமிழில் அடித்து வைத்துவிட்டான். கல்யாணம், கோயில், ஹாஸ்டல், அப்பா. எழுத்துக் கூட்டிப் படித்துவிடுகிறேன். இந்தக் கம்ப்யூட்டருக்கும் வயசாகிவிட்டதாம். உள்ளே இருக்கிற விசிறி இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, அவனுக்கு அது கேட்பதில்லை, எனக்குக் கேட்கிறது, எனக்குப் படிப்பு கம்மி, காது ஜாஸ்தி. "ஒருநாள் பட்டுன்னு நின்னுரும்மா. அதுக்குள்ள படத்தையெல்லாம் பிரிச்சுக் குடுத்துட்டா வேற டப்பாவுல ஏத்தி வச்சுக்குவேன். யாரு யாருன்னு உனக்கு மட்டுந்தானே தெரியும்" என்றான். பட்டென்று நின்றுவிடும் என்று சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை. சே, வேலையைப் பார் காந்திமதி. இது ஹாஸ்டல் பை. இது கோயில். இப்போதுதான் சாப்பாடு முடித்து அவனும் ஷியாமளாவும் வண்டியில் கிளம்பினார்கள். "பேங்க் வரைக்கும் போயிட்டு வந்துர்றோம் அத்தை, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கங்க" என்றாள் மருமகள். செருப்பு மாட்டும்போது அவன் அவளிடம் குரலைத் தாழ்த்தி என்னமோ சொன்னான். தாழ்த்தின குரல்தான் எனக்குப் பளிச்சென்று கேட்கும், ஆனால் கீழ்வீட்டுக் குக்கர் அந்த நேரம் பார்த்து விசில் அடித்தது. "ஃபைலை எடுத்துக்கிட்டியா" என்றது மட்டும் காதில் விழுந்தது. பேங்குக்கு ஃபைல் வேண்டியதுதான். வேண்டாமா என்ன. வேண்டியதுதான்.

இந்தப் படத்தில் மூன்று பேர். எங்கள் வீட்டில் மூன்று பேராக நின்று படம் எடுக்கவே மாட்டோம், நடுவில் நிற்கிறவருக்கு ஆகாது என்பார்கள், அவருக்கு, திருமலை அப்பாவுக்கு, அதில் அப்படி ஒரு பிடிவாதம். படம் எடுக்கிற நேரத்தில் யாராவது ஒருத்தரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நிறுத்திவிடுவார். "அண்ணே, ஒரு நிமிசம் நில்லுங்க, நாலாவது ஆளுக்குத்தான்" என்று. அதனால் எங்கள் படங்களைப் பிரிப்பது பெரிய கூத்து. பாதிப் படத்தில் ஊர்பேர் தெரியாத ஒரு ஆள் எங்களோடு ஈ என்று சிரித்துக்கொண்டிருக்கிறார். சாம்பார் வாளியோடு ஒருத்தர். அழகர்கோயிலில் அப்போதுதான் மொட்டை போட்டுச் சந்தனம் பூசின ஒரு பெண்மணி. குச்சி ஐஸ் விற்கிறவர், மணியைக்கூடக் கீழே வைக்கவில்லை. இவர்களையெல்லாம் எங்கே போடுவது என்று கேட்டதற்குத் 'தெரியாதவங்க' என்று ஒரு பை போட்டுக் கொடுத்துவிட்டான். ஆனால் இந்தப் படத்தில் நாலாவது ஆள் இல்லை. அவர், நான், திருமலை, நான் நடுவில். இல்லை, இரு, ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது, யாருடைய முழங்கையோ, முழங்கை கணக்கில் வருமா. அவர் ஓரத்தில்தானே நிற்கிறார், நடுவில் நின்ற நான் இருக்கிறேன், ஓரத்தில் நின்றவர்தானே போனார், அப்படியென்றால் அது சும்மா பேச்சுத்தானே. சும்மா பேச்சு என்றால் மவுஸ் ஏன் கையில் வழுக்குகிறது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டேன். தனியாக நின்று படம் எடுக்கவும் அவர் விடமாட்டார், "தனிப்படம் செவுத்துக்குத்தான்டி, நாம இப்ப தரையில இருக்கோம்ல" என்பார். ஒருநாள் காலையில் டீயைக் கையில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தபோது வீட்டில் அவருடைய தனிப்படம் ஒன்றுகூட இல்லை. கூடத்தில் ஐஸ் பெட்டியில் அவரைக் கிடத்தியிருக்க, திருமலை இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே கம்ப்யூட்டரில் அழுதுகொண்டே படம் தேடினான். கடைசியில் ஸ்டுடியோக்காரர் ஒரு கல்யாணக் கூட்டத்திலிருந்து அவர் தலையை மட்டும் வெட்டி எடுத்து யாருடைய கோட்டு மேலேயோ ஒட்டிக் கொடுத்துவிட்டார். கோட்டு, டை. பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டின மனுஷன் கலெக்டர் மாதிரி மாலைக்குள் நிற்கிறார். நாத்தனார் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஆத்தி, இது யாரு, எங்கண்ணன எங்கடா" என்றாள். அழ வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்கே ஒரு நொடி சிரிப்பு முட்டியது, என்ன செய்ய. திருமலை மட்டும் தரையையே பார்த்துக்கொண்டு நின்றான். காது மடல் சிவந்திருந்தது. அதற்குப் பிறகு அவன் அந்தப் படத்தை நிமிர்ந்து பார்த்து நான் பார்க்கவில்லை, மாலை மாற்றும்போதுகூடத் தலையைத் திருப்பிக்கொண்டுதான் மாற்றுவான். சரி, இந்த மூன்று பேர் படம் அப்பா பைக்குள் போகட்டும். விரலை எடுக்கிற இடத்தில் இரண்டு தடவை அமுக்கிவிட்டேன் போல, பை திறந்துகொண்டது. உள்ளே அவர், அவர், அவர், சைக்கிளோடு அவர், கோட்டோடு அவர். அந்தக் கோட்டுப் படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டி மஞ்சள் பை. அதற்கும் பெயர் போட்டிருக்கிறது. கா, ந், தி. காந்திமதி அம்மாள்.

அம்மாள். என் மகன் என்னை அம்மாள் என்று எப்போது சொன்னான். அம்மா என்பான், கோபம் வந்தால் ஏம்மா உனக்கென்ன என்பான், கொஞ்சினால் காந்தி என்பான் அவன் அப்பா மாதிரி. அம்மாள் என்று யாருக்குப் போடுவார்கள். ரேஷன் கடையில் போடமாட்டார்கள். பஸ் ஸ்டாப் சுவரில் போடுவார்கள், கறுப்புக் கட்டம் போட்டு, கீழே வருந்தும் மகன் மருமகள் மகள் என்று. திறக்காதே என்று மனசு சொல்கிறது, விரல் அமுக்கிவிட்டது. உள்ளே ஒரே ஒரு படம். நான். என் மகள் சங்கரி கல்யாணத்தில் கட்டின அரக்குப் பட்டு, அந்தப் படத்தை இன்றைக்குக் காலையில்தான் கல்யாணப் பையில் போட்டேன், அதில் எனக்கு இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் மாப்பிள்ளையும் சங்கரியும், அவர் என் தோளில் கை வைத்திருப்பார், மகளைப் பெற்றவளுக்கு அழுகை வந்துவிடும் என்று. இதில் யாரும் இல்லை. எல்லோரையும் துடைத்து எடுத்துவிட்டு எனக்குப் பின்னால் வெளிர்நீலமாகப் பூசியிருக்கிறது. தோளில் மட்டும் பட்டு கொஞ்சம் அமுங்கியிருக்கிறது, கை இருந்த இடம். கையை எடுத்துவிட்டார்கள், அமுங்கினதை எடுக்க முடியவில்லை. கண் கூசுகிறது. விசிறி இழுத்து இழுத்துச் சுற்றுகிறது, என் மூச்சும் அதோடு சேர்ந்து இழுக்கிறது, எது எது என்று தெரியவில்லை. வேறு எதற்காவது வெட்டியிருப்பான். ஆதார் கார்டுக்கு. ஆதார் கார்டுக்கு அவர்களே உட்கார வைத்து எடுப்பார்களே. பஸ் பாஸுக்கு. அதற்கு இத்தனை பெரிசு எதற்கு. சங்கரியின் சின்ன மகளுக்குக் காது குத்து வருகிறது, ஃப்ளெக்ஸ் பேனரில் வட்டத்துக்குள் போடுவார்கள் சொந்தக்காரர் தலையையெல்லாம், அதற்காக இருக்கும், ஆமாம், அதற்காகத்தான், நாத்தனாரையும் வெட்டியிருப்பான், அவள் வீட்டுக்காரரையும் வெட்டியிருப்பான். பையை மூடினேன், மற்ற பைகளையெல்லாம் திறந்து திறந்து தேடினேன். யாரையும் வெட்டவில்லை. என்னை மட்டும்தான்.

டிக். மவுஸ் சத்தம். இந்தச் சத்தத்தை நான் போன வாரம் கேட்டேன், எங்கே கேட்டேன், ஸ்கேன் எடுக்கிற இடத்தில், அங்கே. இருட்டு ரூம், ஏசி, வயிற்றில் சில்லென்று ஒரு பசையைத் தடவினாள் அந்தப் பெண். இதே மாதிரி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வயிறு மேலே இழுத்தாள், மறு கையால் டிக், டிக். "என்னம்மா அது சத்தம்" என்று கேட்டதற்கு "உள்ளுக்குள்ள போட்டோ எடுக்குறேம்மா, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றாள். தனிப்படம் என்று அப்போது விளையாட்டாக நினைத்துக்கொண்டேன். வலது பக்கம் டிக், விட்டாள். நடுவில் டிக், விட்டாள். இடது பக்கம் விலாவுக்குக் கீழே வந்து நின்றாள். டிக். கொஞ்சம் அழுத்தி டிக். திரும்ப வந்து டிக் டிக் டிக். பேசிக்கொண்டே வந்தவள் பேச்சை நிறுத்திவிட்டாள். உள்ளே போய் இன்னொருத்தரைக் கூட்டி வந்தாள், அவரும் அதே இடத்தில் நின்றார். எனக்கு வேறு எதுவும் தெரியாது, ஆனால் சத்தம் எங்கே நிற்கிறது என்று தெரியும். வெளியே வந்ததும் திருமலை "ஒண்ணும் இல்லம்மா, கேஸ் ட்ரபிள்தான், ரிசல்ட் வரட்டும்" என்றான். அன்றைக்குச் சாயங்காலம்தான் இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தான், சாப்பிடக் கூப்பிட்டால் "ஆபீஸ் வேலை" என்றான். ஆபீஸ் வேலை. எனக்கு நீலம் பூசுகிற வேலை. அதற்கு மறுநாள்தான் என்னிடம் இந்தப் படம் பிரிக்கிற வேலையைக் கொடுத்தான், யாரு யாருன்னு உனக்கு மட்டுந்தானே தெரியும் என்று. அப்படியென்றால் எனக்குப் பிறகு கேட்க ஆள் இல்லை, அதற்கு முன்னால் கேட்டு வாங்கிக்கொள்கிறான். ஷியாமளா வேறு. கரண்டியை ஈரத்தோடு வைத்தால் "அத்தை எத்தனை தடவை சொல்றது" என்று ஒரு கத்துக் கத்துவாள், நானும் "உங்க வீட்டுக் கரண்டி வெள்ளியாம்மா" என்பேன், அப்படிப் போகும் எங்கள் பொழுது. இந்த வாரம் பூரா நான் வேண்டுமென்றே ஈரத்தோடு வைக்கிறேன். எடுத்துத் துடைத்து வைக்கிறாள், ஒரு வார்த்தை இல்லை. நேற்று ஆப்பிளைத் தோல் சீவித் துண்டு போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். தோல் சீவி. செல்போன் அடித்தது, நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன், சங்கரி, கோயம்புத்தூரிலிருந்து. "அம்மா, என்ன பண்ற" என்றாள். படம் பிரிக்கிறேன் என்றேன். "சாப்பிட்டியா" என்றாள். "சாப்பிட்டேன், ஏன்டி மூக்க உறிஞ்சுற" என்றேன். "வெங்காயம் உரிக்கிறேம்மா." "இந்நேரத்துல என்ன வெங்காயம்." "பக்கோடாவுக்கு." "உன் வீட்டுக்காரருதான் வெங்காயத்தக் கண்டா எட்டடி தள்ளி நிப்பாரே, யாருக்குடி பக்கோடா." "எனக்குத்தான், நான் திங்கக்கூடாதா" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. பிறகு, "நான் அடுத்த வாரம் அங்க வர்றேம்மா, பத்து நாளு இருப்பேன்" என்றாள். "பெரிய பிள்ளைக்குப் பரீட்சைன்னியே." "அது பாட்டுக்கு எழுதும்." பிள்ளைக்குக் காய்ச்சல் என்று என் எழுபதாவது பிறந்தநாளுக்கே வரமுடியாது என்றவள், பரீட்சையை விட்டுவிட்டு வருகிறாளாம். "எதுக்குடி" என்று கேட்டிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "வா வா, வந்து உங்கண்ணன் கம்ப்யூட்டரத் தூக்கிட்டுப் போ" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஏன் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள். அதனால்தான் கேட்கவில்லை.

எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், பானையிலிருந்து மொண்டது பாதி நெஞ்சில் கொட்டியது. விலாவுக்குக் கீழே கையை வைத்தேன். இப்போது வலிக்கவில்லை. அமுக்கினேன், வலிக்கிறதா, அமுக்கினால் யாருக்குத்தான் வலிக்காது. உள்ளே அது உட்கார்ந்திருக்கிறது, டிக் டிக் என்று படம் எடுக்கும்போது அசையாமல் போஸ் கொடுத்திருக்கிறது. சுவரைப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே அவர் படம் மாட்டியிருக்கிற சுவரைப் பார்த்தேன். அவருக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. இத்தனை நாள் அங்கே இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவே இல்லை. ஆணி அடித்திருக்கிறதா என்று கிட்டப் போய்த் தடவிப் பார்த்தேன், வெறும் சுண்ணாம்பு, கையில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது, இதை யாராவது பார்த்தால் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். காலண்டர் பக்கத்தில் வந்து நின்றேன். இன்றைக்குச் சனி. ரெண்டாம் சனி. பேங்க் ஏது. பேங்கே கிடையாது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஃபைலை எடுத்துக்கிட்டியா. அது பேங்க் ஃபைல் இல்லை, என் ஃபைல், டாக்டரைப் பார்க்கப் போயிருக்கிறார்கள், இந்நேரம் அவர் முன்னால் இரண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள், அவர் என் வயிற்றுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருப்பார், எனக்குச் சொந்தமான படத்தை எல்லாரும் பார்க்கிறார்கள், நான் மட்டும் நாத்தனார் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அழித்துவிடலாம். இந்தப் படத்தை அழித்துவிடலாம். அழிக்கிறதையும் திருமலை சொல்லிக் கொடுத்திருக்கிறான், ஒரே படம் இரண்டு தடவை இருந்தால் ஒன்றை அமுக்கி இந்தப் பொத்தானைத் தட்டணும். படம் இல்லையென்றால் மாட்ட முடியாது. மாட்ட முடியாவிட்டால், மாட்ட முடியாவிட்டால் என்ன, தனிப்படம் இல்லாமலே அவர் போகவில்லையா. தட்டினேன். நிச்சயமாகவா என்று ஒரு கேள்வி வந்து நின்றது, இங்கிலீஷில்தான் கேட்கிறது, ஆனால் அதைத்தான் கேட்கிறது என்று அவன் சொல்லியிருக்கிறான். வெளிர்நீலத்துக்கு முன்னால் நான் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்க்கிறேன். நிச்சயமாகவா. என்னை நானே அழிப்பது போலவும் இருக்கிறது, அழிக்காவிட்டால் நானே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது போலவும் இருக்கிறது. இரண்டும் முடியவில்லை. கேள்வியை அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன், எவ்வளவு நேரமோ தெரியாது. திருமலை எப்படி உட்கார்ந்து இதை வெட்டியிருப்பான் என்று யோசனை போனது. அவர் கையை என் தோளிலிருந்து துடைக்கும்போது அவனுக்கு என்னவாக இருந்திருக்கும். காது மடல் சிவந்திருக்குமா.

வண்டிச் சத்தம் கேட்டது. எங்கள் வண்டிதான், நிறுத்தும்போது ஒரு செருமல் செருமும். படியில் நாலு கால். வழக்கமாக ஷியாமளா முன்னால் ஓடிவருவாள், இன்றைக்கு இரண்டு பேரும் ஒன்றாக, மெதுவாக ஏறினார்கள், முதல் மாடித் திருப்பத்தில் நின்றுவிட்டார்கள். "நீங்களே சொல்லுங்க, என்னால முடியாது" என்றாள் அவள். "இன்னைக்கு வேணாம். நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்றான் அவன். "நாளைக்கும் இதத்தான் சொல்வீங்க." அப்புறம் சத்தமே இல்லை. கண்ணைத் துடைக்கிற சத்தம் எனக்குக்கூடக் கேட்காது. ஸ்கிரீனை மூடிவிடலாம், கல்யாணப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தபடி இருக்கலாம், நாளைக்கு வரைக்கும் தள்ளலாம், நாளைக்கு மறுநாளைக்குத் தள்ளலாம், இந்த வீட்டில் எல்லோருக்கும் அதற்குச் சம்மதம்தான். மவுஸ் மேலே கை இருந்தது. மூடவில்லை. எழுந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்துவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தேன். திருமலை முகத்தைக் கழுவினவன் மாதிரி வைத்துக்கொண்டு உள்ளே வந்தான். "பேங்க்ல ஒரே கூட்டம்மா" என்றான். "ரெண்டாம் சனிக்கிழமையிலயா" என்றேன். அவன் வாயைத் திறந்தான், அப்புறம் எனக்குப் பின்னால் ஸ்கிரீனைப் பார்த்தான். கையிலிருந்த ஃபைல் கட்டிலில் விழுந்தது. ஷியாமளா "அய்யோ, இத அழிக்கச் சொன்னேன்ல உங்கள" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் பாய்ந்து வந்து மவுஸைப் பிடித்தான். "அழிச்சிர்றேம்மா, இது சும்மா, வேற ஒண்ணுக்கு, காது குத்துக்கு..." அவன் கை மேலே என் கையை வைத்து அமுக்கினேன். என் கையை விட அவன் கை ஜில்லென்றிருந்தது, ஈரமாக இருந்தது. "காது குத்துக்கு எதுக்குடா அம்மாள்" என்றேன். அவ்வளவுதான், தரையில் உட்கார்ந்துவிட்டான், என் முழங்காலைக் கட்டிக்கொண்டு. "அப்பாவுக்குப் பண்ணின மாதிரி உனக்கும் ஆயிரக்கூடாதுன்னு... அன்னைக்கு அந்த ஸ்கேன் பொண்ணு மொகத்தப் பாத்ததும் எனக்கு என்ன செய்றதுன்னே தெரியலம்மா. கை பாட்டுக்கு வெட்டிருச்சு. வெட்டி முடிச்சப்புறம்தான் என்ன பண்ணிருக்கேன்னு பாத்தேன். அழிக்கப் போனா, உன்ன அழிக்கிற மாதிரி..." எனக்கு அவன் முதுகில் தட்டிக்கொடுக்கணும் போல இருந்தது, ஒண்ணுமில்லடா, அம்மாவுக்கு ஒண்ணும் ஆகாது என்று சொல்லணும் போல இருந்தது, பெற்றவள் அதைத்தானே சொல்லணும். வாயைத் திறந்தால் வேறு வந்தது. "எனக்குப் பயமா இருக்குடா" என்றேன். சொன்னதும் பல் தந்தி அடிக்க ஆரம்பித்துவிட்டது. ஷியாமளா வந்து என்னைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள். "எனக்கும்தாம்மா" என்றான் அவன். "சரி, இருக்கட்டும். பயத்தோடயே சொல்லு. அந்த ஃபைல எடு. எங்க இருக்கு, எத்தாம் பெருசு, டாக்டர் என்ன செய்றேன்னாரு. மாடித் திருப்பத்துல பேசுற மாதிரிப் பேசாத, எனக்கு நேராச் சொல்லு." அவன் மூக்கைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கட்டிலை எட்டி ஃபைலை எடுத்தான். "குடல்ல ஒரு கட்டிம்மா" என்றான். "எடுத்துரலாங்கறாரு. எடுத்துப் பாத்தாத்தான் மிச்சம் தெரியுங்கறாரு." இரண்டு இடத்தில் குரல் உடைந்தது, ஆனால் கீழ்வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சத்தமாகத்தான் சொன்னான்.